எட்டாவது கயிறு

சின்னக்கருப்பனுக்கு வேலை போகிற நிலைமை வந்துவிட்டது. களவு ஒன்றும் செய்யவில்லை. ஒரு நாள் கூட மட்டம் போட்டதில்லை. முதலாளியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. கையில் கயிறு இல்லை, அதுதான் குற்றம்.

கயிறு என்றால் என்ன கயிறு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் குடியை விட்டுவிட நினைக்கிறவன் கருப்பசாமி கோயிலுக்குப் போவான். ஆறு மாசமோ ஒரு வருஷமோ கெடு வைத்து, அதுவரைக்கும் தொட மாட்டேன் என்று சாமி முன்னால் வாக்குக் கொடுப்பான். பூசாரி மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிவிடுவார். கெடு முடிகிற வரைக்கும் எப்பேர்ப்பட்ட குடிகாரனும் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். கருப்பசாமி என்றால் அம்புட்டுப் பயம். புருஷன் வார்த்தையைக் காசுக்கு மதிக்காத பெண்டாட்டி கூட அந்தக் கயிற்றை நம்புவாள். முதலாளிமார்களும் நம்புவார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் பால்கோவா போடுகிற வைகுண்டராஜ், நம்புகிறவர்களில் முதல் ஆள். அவர் பட்டறையில் நாலு அடுப்பு. மாரிச்சாமியும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் பத்து வருஷமாக அங்கே கிண்டுகிறார்கள். கை நல்ல கை, தொண்டைதான் மோசம். போன வருஷம் ஆடிப்பூரத் தேரன்று மூன்று பேரும் மூக்கு முட்டக் குடித்துவிட்டு, முப்பது லிட்டர் பாலைத் தீய்த்துக் கரியாக்கி வைத்தார்கள். வைகுண்டராஜுக்கு வந்த கோபத்தில் மறுநாளே ஒரு வேன் பேசி, மூன்று பேரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு பிளவக்கல் போகிற வழியில் இருக்கிற கருப்பசாமி கோயிலுக்குப் போனார். கிடா வெட்டினார். கயிறு கட்டவைத்தார். அடுத்த ஆடிப்பூரம் பிறக்கிற வரைக்கும் கெடு. அதிலிருந்து ஒரு வருஷம் பட்டறை கோயில் மாதிரி நடந்தது என்று அவரே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பொய்யும் இல்லை.

சின்னக்கருப்பன் வந்து சேர்ந்தது அதற்கப்புறம், தை மாசம். வேலை கேட்டு வந்தவன் மற்றவர்கள் மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை. நீங்கள் கேட்பதற்கு முன்னாடி நானே சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தான். செட்டியார்பட்டியில் லோடு வண்டி ஓட்டினேன், மொடாக்குடியன், பாரில் ஒரு தகராறில் சேத்தூர்க்காரன் ஒருவன் தலையில் பாட்டிலால் அடித்தேன், அவனுக்கு ஒரு கண் போச்சு, நாலு வருஷம் மதுரை ஜெயிலில் இருந்தேன், தப்பு என் மேல்தான் என்று மளமளவென்று ஒப்பித்தான். வைகுண்டராஜ் ஆடிப்போய்விட்டார். ஜெயிலில் என்ன வேலை பார்த்தாய் என்று மட்டும் கேட்டார். சமையல்கட்டில் கிண்டினேன் என்றான். ஆயிரம் பேருக்குப் பொங்கல் கிண்டின கையைப் பார்த்தார். அன்றைக்கே நாலாவது அடுப்பைக் கொடுத்தார்.

அதற்கு முன் அவன் ஏறி இறங்காத இடம் இல்லை. ராஜபாளையத்தில் மில்லு மில்லாக அலைந்தான். எல்லா கேட்டிலும் போலீஸ் சர்டிபிகேட் கேட்டார்கள். குடோனில் மூட்டை தூக்கப் போனால், அங்கேயும் எவனாவது அவனை அடையாளம் கண்டு மேனேஜர் காதைக் கடித்துவிடுவான். தண்டனையை நீதிபதி நாலு வருஷம் என்று முடித்துவிட்டார், ஊர் முடிக்கவில்லை. என்ன நியாயமோ, போங்கள்.

பெண்டாட்டி முனீஸ்வரி ராஜபாளையம் மில் ஒன்றில் ஸ்பின்னிங்கில் இருக்கிறாள். அவன் உள்ளே இருந்த நாலு வருஷமும் ஒற்றைச் சம்பளத்தில் வீட்டைத் தூக்கி நிறுத்தினவள். வெளியே வந்தவனை அவள் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. பால்கோவா வேலை கிடைத்த பிறகுதான் கதவைத் திறந்தாள். வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு, வேலையை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் அடுத்து எங்கே போய் உட்காருவீர்கள் என்று எனக்குத் தெரியும் என்று வாசலில் வைத்தே சொல்லிவிட்டாள். ஆக, அந்த நாலாவது அடுப்புதான் அவனுக்கு வீடு, பெண்டாட்டி, சோறு எல்லாம்.

இந்த நிலைமையில்தான் ஆடி பிறந்தது. ஆடிப்பூரத்தன்று தேர். ஊர் கொள்ளாத கூட்டம் வரும், கடையில் போட்டது போட்டபடி விற்கும். அன்றைக்கு வேலையை விட்டு எங்கேயும் போக முடியாது. அதனால் தேருக்கு மறுநாள் வேன் வரும், எல்லோரும் கோயிலுக்குப் போய் அடுத்த வருஷக் கயிறு கட்டுகிறோம் என்று வைகுண்டராஜ் அறிவித்தார். மூன்று பேரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள். சின்னக்கருப்பன் மட்டும் பால் கிண்டுகிற துடுப்பை நிறுத்தாமல், நான் வரவில்லை முதலாளி என்றான்.

வைகுண்டராஜுக்குக் காது கேட்கவில்லையோ என்று சந்தேகமாகிவிட்டது. மறுபடி சொல்லச் சொன்னார். அவன் மறுபடியும் அதையே சொன்னான். குடிக்கிற உத்தேசம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றான். அப்படியானால் கட்டுவதற்கு என்ன கொள்ளை என்றார். அவன் சட்டியின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சாமிக்கு மேலே நீ பெரிய ஆளா என்று அவர் குதித்தார்.

"தேருக்கு மறுநாள் வேன்ல ஏறு. இல்லேன்னா அன்னையோட நின்னுக்க."

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னான். முனீஸ்வரி நைட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு கயிறு, அதைக் கட்டித் தொலைப்பதில் என்ன கவுரவம் குறைந்துபோகிறது என்று கத்தினாள். எத்தனை கயிறு அவளே கூட்டிக்கொண்டு போய்க் கட்டவைத்திருக்கிறாள்! ஏழு. இரண்டைப் பாதியிலேயே பிளேடால் அறுத்தான். ஐந்தை ஒழுங்காகக் கெடு வரைக்கும் வைத்திருந்து, கெடு முடிந்த அன்றைக்கே பிராந்திக் கடை திறக்கிற நேரத்துக்குப் போய் நின்றான்.

"அதான் சொல்லுதேன், கேளு," என்றான் அவன். "கயித்தைக் கட்டுனா நாளை எண்ண ஆரம்பிச்சிருவேன். இன்னும் நூறு நாள், இன்னும் அம்பது நாள்னு. நாளை எண்ணுனா முடியுற நாளும் வந்துரும்லா. இப்ப நான் எதையும் எண்ணல. எனக்குக் கெடுவே கிடையாது. எட்டாவது கயித்தைக் கட்டி எனக்குக் கெடு வைக்காத."

முனீஸ்வரி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டாள். அதைப் பையில் வைத்தாள். வேலை போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அவள் மில் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இங்கே வைகுண்டராஜ் செய்த கூத்தைப் பாருங்கள். பழைய கயிற்றின் கெடு ஆடிப்பூரம் பிறந்ததோடு சரி. புதுக் கயிறு தேருக்கு மறுநாள். நடுவில் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் மூன்று குடிகாரர்களை அவிழ்த்துவிட்டாயிற்று. அதுவும் தேர் நாளில்! மனுஷன் பக்தி உள்ளவர், பால் கணக்குத் தெரிந்தவர், குடிகாரன் கணக்கு மட்டும் தெரியாதவர். அந்த மூன்று பேரும் ஒரு வருஷமாக அந்த இடைவெளியைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். தேருக்கு முந்தின நாள் வேலை முடிந்ததும் தினசரிக் காலண்டரைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, பூரம் எத்தனை மணிக்குப் பிறக்கிறது என்று பார்த்தார்கள். அந்த நேரம் வரைக்கும் தொடவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும், யோக்கியர்கள். நட்சத்திரம் பிறந்த அடுத்த நிமிஷம் மூடியைத் திருகினார்கள்.

தேரன்று காலை சின்னக்கருப்பன் முதல் பஸ் பிடித்து ஐந்து மணிக்கெல்லாம் பட்டறைக்கு வந்தான். பால் வண்டி வந்து கேன்களை இறக்கிவிட்டுப் போனது. நூற்றைம்பது லிட்டர். அடுப்பு நாலும் அணைந்து கிடந்தது. ஐந்தேகால் ஆனது, ஐந்தரை ஆனது, ஒருத்தரையும் காணோம். மாரிச்சாமிக்குப் போன் போட்டால் அவர் பெண்டாட்டி எடுத்து, அவியளைத் தூக்கி நிறுத்தினாலும் நிற்க மாட்டாக என்று சொல்லிவிட்டு அழுதாள். மற்ற இரண்டு போனும் அடித்து அடித்து ஓய்ந்தன. வைகுண்டராஜ் கோயிலில் இருந்தார், தேர் பார்க்க வருகிறவர்களுக்கு மோர் ஊற்றுகிற உபயம் அவருடையது. போனை அணைத்து வைத்திருந்தார்.

ஆடி வெயிலுக்குப் பால் எம்புட்டு நேரம் தாங்கும்? காய்ச்சாவிட்டால் பத்து மணிக்குள் திரிந்துவிடும். பால்கோவா என்ன, மோர் கூட ஆகாது. சின்னக்கருப்பன் நினைத்திருந்தால் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கலாம். நாளையோடு நின்றுகொள் என்று சொன்ன கடைக்கு என்ன வந்தால் அவனுக்கென்ன? அந்த நினைப்பும் அவனுக்கு வந்தது. வந்ததும் அவனுக்கே ஆத்திரம் வந்தது. இவர் வேண்டாம் என்றால் இது என் அடுப்பு இல்லாமல் போய்விடுமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு விறகைத் தள்ளினான். பத்து லிட்டரை ஊற்றித் துடுப்பை எடுத்தான்.

பால்கோவா கிண்டுகிறவனுக்கு ஒரு விதிதான். துடுப்பு நிற்கக் கூடாது. முக்கால் மணி, ஒரு மணி நேரம், பால் சுண்டி, சீனி கரைந்து, திரண்டு வருகிற வரைக்கும் அடியைச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். செத்த நேரம் கை நின்றால் அடிப்பிடித்துவிடும். ஒரு ஆளால் ஒரு சட்டிதான் பார்க்க முடியும். ஆறு மணிக்கு மில்லில் ஷிப்ட் விடும் என்று தெரியும். இடது கையால் போனை எடுத்து முனீஸ்வரிக்குப் போட்டான்.

"ஆளு ஒருத்தரும் வரல. பாலு கெட்டுரும். வாட்டி," என்றான். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது, பால் பொங்கி வந்தது.

ஊருக்குள் பஸ் விடவில்லை. ராத்திரி பூரா மெஷினுக்கு முன்னால் நின்றவள், ஊர் எல்லையில் இறங்கிக் கூட்டத்தில் முட்டி மோதி நடந்தே வந்தாள். தலையில் பஞ்சுத்தூசி அப்படியே இருந்தது. வாசலில் நின்று உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். அணைந்த அடுப்பு மூன்று, எரிகிற அடுப்பு ஒன்று, வேர்வையில் குளித்து நிற்கிற புருஷன். சேலையை இழுத்துச் செருகினாள். முதலில் மற்ற அடுப்புகளைப் பற்றவைத்து, பால் கெடாமல் இருக்க எல்லாவற்றையும் காய்ச்சி வைத்தாள். பிறகு மூன்றாவது அடுப்பில் ஒரு சட்டியை ஏற்றித் துடுப்பைப் பிடித்தாள். அவன் தன் இடத்தில் நின்றே சொல்லச் சொல்ல, அவள் கிண்டினாள். முதல் சட்டி கொஞ்சம் மணல் மணலாக வந்தது. இரண்டாவது நன்றாகவே வந்தது. மில்லில் நூல் இழை அறுந்தால் ஓடுகிற கதிரிலேயே முடிச்சுப் போடுகிறவளுக்கு இதென்ன பிரமாதம்?

ஒன்பதரை மணி வாக்கில் மாரிச்சாமி வந்தார். வந்தார் என்ன வந்தார், சுவர்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது. முகத்தில் வெட்கமும் சிரிப்புமாக, தப்புப் பண்ணிட்டேன் கருப்பா என்று நாலு தடவை சொன்னார். பரிகாரம் பண்ணுகிறவர் போல மடியிலிருந்து ஒரு குவார்ட்டரை எடுத்து, மூடியைத் திறந்து, சின்னக்கருப்பன் அடுப்புக்குப் பக்கத்துத் திட்டில் வைத்தார். பாதி இருந்தது.

"எங்களுக்காவது நேத்து வரைக்கும் கயிறு இருந்துச்சு, சாமிக்குப் பயந்து கிடந்தோம். ஒனக்கு அதுவும் இல்லையேலே. ஒன்னைய யாரு தடுக்கா? ஒரு மடக்குப் போடு, கைவலி தெரியாது."

சொல்லிவிட்டுச் சீனிச் சாக்கில் சாய்ந்தார். சாய்ந்தவர் குறட்டை விட்டார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நிஜம். தடுக்க ஒன்றும் இல்லை. தோளிலிருந்து விரல் வரைக்கும் அவனுக்கு வலி. வாடை வேறு, பால் வாடையை மீறிக்கொண்டு மூக்கில் ஏறியது. ஆசையே இல்லை என்று சொன்னால் நான் பொய்யன். வாயில் எச்சில் ஊறியது. கையை நீட்டினால் எட்டுகிற தூரம். அதைத் தூக்கி வெளியே எறியலாம் என்றால் நாலு எட்டு நடக்க வேண்டும், சட்டி அடிப்பிடித்துவிடும். அதனால் பாட்டில் அங்கேயே இருந்தது, அவனும் அங்கேயே நின்றான். நாலு வருஷம் கம்பிக்குள் இருந்ததை விட அந்த ஒரு மணி நேரம் அவனுக்குப் பெரிதாக இருந்தது. எவன் தடுக்காவிட்டாலும் நான் குடிக்க மாட்டேன்டா என்று வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிக் கிண்டினான். மூன்றாவது அடுப்பில் முனீஸ்வரி பாட்டிலையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். பிறகு குனிந்து தன் சட்டியைப் பார்த்துக்கொண்டாள்.

பத்தரைக்கு வைகுண்டராஜ் ஓடிவந்தார். கடையில் முந்தின நாள் சரக்குத் தீர்ந்து, பட்டறையிலிருந்து கொண்டுவர ஆளில்லாமல், வாங்க வந்தவர்கள் சத்தம் போடுகிறார்கள் என்று யாரோ கோயிலில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். நெற்றியில் திருமண், வேட்டியெல்லாம் மோர். உள்ளே நுழைந்தவர் கண்ணில் என்ன படும்? சாக்கில் மாரிச்சாமி. திட்டில் திறந்த பாட்டில். பாட்டிலுக்கு ஒரு முழம் தள்ளிச் சின்னக்கருப்பன். கயிறில்லாத கை. அவருக்கு அது போதுமாக இருந்தது. நேரே அவனிடம் வந்தார்.

"ஊதுலே."

சின்னக்கருப்பன் திரும்பவில்லை. துடுப்பும் நிற்கவில்லை.

"ஊத மாட்டேன் மொதலாளி."

"குடிச்சிருக்கே. அதான் ஊத மாட்டேங்கே."

"குடிக்கல. ஆனாலும் ஊத மாட்டேன்," என்றான். குரலை உயர்த்தவில்லை. "இன்னைக்கு ஊதுனா நாளைக்கும் ஊதணும். பொறவு சாகுற வரைக்கும் எவன் கேட்டாலும் ஊதணும். அந்தா தட்டுல எட்டுச் சட்டிச் சரக்கு இருக்கு. எடுத்துத் தின்னு பாருங்க. குடிகாரன் கை கிண்டுனதா இல்லையான்னு ஒங்க நாக்கு சொல்லும். எங்கிட்ட கேக்கணும்னா வேலையைப் பத்திக் கேளுங்க."

வைகுண்டராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். அப்போதுதான் மூன்றாவது அடுப்பில் ஒரு பொம்பளை நிற்பதைப் பார்த்தார். யாரென்று கேட்டார். சொன்னாள். அவருக்கு ஒரு பிடி கிடைத்தது.

"நீயே சொல்லும்மா. ஒன் புருசன் குடிச்சிருக்கானா, இல்லையா?"

முனீஸ்வரி நிமிர்ந்தாள்.

"பதினோரு வருசம் இவிய வாயை மோந்து பாத்துட்டுத்தான் ராத்திரி கதவைத் தொறந்தேன்," என்றாள். "மூணு மாசமா பாக்கல. இன்னைக்கும் பாக்கல. பாக்க வேண்டியவளே விட்டுட்டேன், நீங்க எதுக்கு மோந்து பாக்கீக?"

மூன்று மாசம்! சின்னக்கருப்பனுக்கு அது தெரியவே தெரியாது. தினமும் வேலை முடிந்து வாசலில் வந்து நிற்கிறான், கதவு திறக்கிறது, உள்ளே போகிறான். அவள் முகத்தைப் பக்கத்தில் கொண்டுவருவதை எந்த நாளில் நிறுத்தினாள் என்று அவன் கவனிக்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை. அவனுக்கு அழுகை வந்தது. துடுப்பை விட முடியாது, அதனால் கிண்டிக்கொண்டே அழுதான். வெட்கப்படவில்லை.

வைகுண்டராஜ் தட்டுப் பக்கம் போனார். ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். மென்றார். இன்னொரு தட்டிலும் எடுத்தார். சாக்கில் கிடந்த மாரிச்சாமியை ஒரு தடவை பார்த்தார், அவர் கையில் இன்னும் அவிழ்க்காமல் தொங்கிய பழைய கயிற்றையும் பார்த்தார். தன் கணக்கு எங்கே உதைத்தது என்று அப்போதுதான் மனுஷனுக்கு உறைத்திருக்க வேண்டும். பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்தார். குரல் இறங்கிப்போயிருந்தது. நாளைக்கு வேன் என்று எதையோ ஆரம்பித்தார்.

"வேன்ல அவிய மூணு பேரும் போகட்டும் மொதலாளி," என்றான் சின்னக்கருப்பன். "நாளைக்கும் பாலு வரும்லா. அடுப்புல நிக்க ஒரு ஆளு வேணும். நான் நிக்கேன். நாளைக்கு மட்டும் இல்ல, கெடு இல்லாம நிக்கேன்."

வைகுண்டராஜ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கையைக் கழுவினார். இரண்டாவது அடுப்பில் முனீஸ்வரி காய்ச்சி வைத்திருந்த பாலைச் சட்டியில் ஊற்றி, விறகைத் தள்ளி, துடுப்பை எடுத்தார். அவர் துடுப்புப் பிடித்து வருஷம் இருபது இருக்கும். பால் கொதித்துச் சுண்ட ஆரம்பித்ததும் கை தடுமாறியது. வெளியே தேர் அசைந்துவிட்டது போல, ஊரே சத்தம் போட்டது. அவர் கழுத்தை வாசல் பக்கம் திருப்பினார்.

"மொதலாளி, அங்க பாக்காதீக," என்றான் நாலாவது அடுப்பிலிருந்து சின்னக்கருப்பன். "ஓரம் பிடிக்குது. அடியோட வழிச்சு விடுங்க."

வைகுண்டராஜ் குனிந்து அடியோடு வழித்துவிட்டார்.